கடல்நீரை ஆற்றியவள்

கால் உடைந்ததில் வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் டப்பாவை விடவில்லை என்ற கர்வம் எனக்கு இன்னும் இருக்கிறது. கல்லூரி மாணவிகளைக் கோவளத்துப் பாறைகளுக்கு அழைத்துப் போயிருந்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு கல், கல்லின் மேல் கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி. வாயைச் சுற்றி இதழ்கள் மாதிரி கைகளை விரித்துக்கொண்டு, வருவதைப் பிடித்துத் தின்னும் பிராணி அது. பாசி வழுக்கியது. விலங்கியல் பேராசிரியை மல்லாந்து விழுந்ததைப் பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். டப்பாவிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

அதன்பின் செம்பாக்கத்தில் எங்கள் மூன்றாவது மாடி வீடே உலகம் என்றாகிவிட்டது. காலில் மாவுக்கட்டு. லிஃப்ட் ரிப்பேர், குடியிருப்போர் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு போவேன், திரும்புவேன். மேஜைமேல் கண்ணாடித் தொட்டிக்குள் அது கிடந்தது. இரண்டு பேருக்கும் போக இடமில்லை.

அதை வளர்ப்பது என் ஆசை இல்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எப்போது திறக்கிறது, எதற்கு மூடுகிறது, பிளந்து இரண்டாகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்கள் பார்த்ததையே பாடமாக நடத்தி வந்திருக்கிறேன். நானாக ஒன்றை முழுசாகப் பார்க்க ஒருநாளும் வாய்க்கவில்லை. கால் உடைந்த பிறகாவது வாய்க்கும் என்று நினைத்தேன்.

வகுப்பில் வருடாவருடம் முதல் நாள் ஒரு கதை சொல்வேன். ரயிலே புதுசாக இருந்த காலத்தில் லண்டனில் ஒரு பாதிரியாரின் மனைவி இருந்தாள். எங்கள் சபையாக இருந்தால் பாஸ்டரம்மா என்போம். கடற்கரைக்குப் போனவள் உயிருள்ள பவளங்களை ஜாடியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழியில் உருண்டு அடிபடக்கூடாதென்று ஊசி நூலால் கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்திருந்தாள். அவள் வீட்டருகே கடல் ஏது? இருந்த தண்ணீரையே ஜன்னலோரம் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்று ஏற்றி, வருடக்கணக்கில் அவற்றை வாழவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், எழுதினாள். "நாம காபி ஆத்துற மாதிரிதான்மா" என்பேன். வகுப்பு சிரிக்கும்.

போன மழைக்காலத்தில் ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்தது. கரண்ட் போயிற்று. மத்தியானத்துக்குள் இன்வெர்ட்டரும் கைவிரித்துவிட்டது. தொட்டிக்குக் காற்று கொடுத்த சின்ன மோட்டார் நின்றது. கீழேயிருந்து வாட்ச்மேன் கத்தினார்: "மேடம், ரோடு பூரா தண்ணி வந்துகினு கீது. யாரும் எறங்காதீங்கோ, ஒரே பேஜார்!"

வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் போய் கேனில் கடல் தண்ணீர் பிடித்துவருபவர் என் கணவர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். முணுமுணுத்துக்கொண்டேதான் போவார், ஆனாலும் போவார். அன்று எங்கே போவது? ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பேசாம இதுல விட்டுடேன். வாசல் வரைக்கும் வந்திருக்கு பாரு."

"அது நல்ல தண்ணிங்க. விட்டா செத்துடும்."

"இவ்ளோ தண்ணியும் வேஸ்ட்டா?" என்று டி.வி. ஓடாத ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தொட்டியில் அது சுருங்கி, வடைமாவு உருண்டை மாதிரி ஆகியிருந்தது. காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு எவர்சில்வர் சொம்புகளில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஆற்ற ஆரம்பித்தேன். கை தானாக உயர்ந்தது, தானாகத் தாழ்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து பழகிய வேலை. ஆனால் சொம்பிலிருந்து கண்ணை எடுத்தால் சிந்தியது. எடுக்காவிட்டால் தொட்டியில் நடப்பது தெரியவில்லை. தோள் விட்டுப்போகும் போல வலித்தது.

"காபி இருக்கா?" என்று ஹாலிலிருந்து குரல்.

சொம்பை வைத்துவிட்டு வாக்கரைப் பிடித்து எழுந்தேன். ஆமாம், எழுந்தேன். டிகாக்ஷன் விட்டு, பால் காய்ச்சி, டவராவில் ஆற்றும்போதுதான் அந்தப் பாதிரியார் மனைவியைப் பற்றிய புத்தகத்தில் ஒரு வரி நினைவுக்கு வந்தது. எத்தனையோ முறை படித்த வரி. அந்த லண்டன் வீட்டில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியது அந்த அம்மாள் இல்லை. அவள் வீட்டு வேலைக்காரப் பெண். அந்தப் பெண் ஊற்றினாள், இவள் பார்த்தாள். நான் இத்தனை நாளும் என்னை அந்த அம்மாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பற்றிக்கொண்டு வந்தது கோபம். அந்த அம்மாள் மேல், இவர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் கையிலிருந்த டவரா மேல். பாதி ஆற்றிய காபியை அப்படியே மேடையில் வைத்துவிட்டு, தொட்டிப்பக்கம் திரும்பி வந்து அவரைக் கூப்பிட்டேன்.

"இங்க வந்து உக்காருங்க. இந்தத் தண்ணிய ஆத்துங்க."

"எனக்கு ஆத்தத் தெரியாதே."

"தினம் எதிர்ல உக்காந்து பாத்தீங்களே."

எழுந்துபோய், ஷோகேஸில் பளபளத்த பித்தளைச் சொம்பை எடுத்துவந்தார். "ஐயோ, பித்தளை அதுக்கு விஷம்!" என்று கத்தியதும் திரும்ப வைத்துவிட்டு எவர்சில்வரை எடுத்தார். முதல் ஊற்றிலேயே பாதி அவர் பனியனில் இறங்கியது. அந்த வாரம் முழுவதற்கும் இருந்த கடல் அவ்வளவுதான். பிடுங்கப் போன கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். தோள் வலிக்க ஆற்றியதை விட அதற்குத்தான் அதிக பலம் வேண்டியிருந்தது.

"கொஞ்சம் கீழ பிடிங்க. மெதுவா."

நாற்காலியைத் தொட்டிப்பக்கம் இழுத்து லென்ஸை எடுத்தேன். தெருவில் தண்ணீர் அப்படியே நின்றது, கால் கட்டும் அப்படியே இருந்தது. மேடையில் காபி ஆடை கட்டியது. அவர் வேர்த்து விறுவிறுத்து ஊற்றிக்கொண்டிருந்தார். நுரை தொட்டிக்குள் இறங்கியது. வெளிச்சம் குறையும் நேரத்தில் உருண்டையின் உச்சி லேசாக நெகிழ்ந்தது. நூல் மாதிரி ஒரு கை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று.

"என்ன, வந்துடுச்சா?" என்றார் அவர், சொம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நானும் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.