ஏழு படியில் பதினான்கு வீடுகள்

எங்கள் தெருவில் அப்போது நாற்பத்தொரு வீடுகள். அவற்றில் முப்பத்தெட்டை ஒரே மேஸ்திரி கட்டியிருந்தார். முப்பத்தெட்டும் ஒரே வீடுதான்: வாசலில் இரண்டு தூண், இடப்பக்கம் மாடிப்படி, வலப்பக்கம் கிணறு. ஒரு மாலை ஆபீசிலிருந்து வந்தவன் நேராக உள்ளே போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, மின்விசிறியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காபியோடு வந்த அம்மாள் என் மனைவி இல்லை. அவர் கத்தவில்லை.

"சார், உங்க வீடு இன்னும் நாலு வீடு தள்ளி. இந்த மாசம் நீங்க மூணாவது ஆள்" என்றார்.

அந்த அவமானத்தில்தான் நான் கட்டடக் கலையின் ஆதரவாளன் ஆனேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் பகுதி நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். பக்கத்து வீட்டுக்காரர் அறிவியல் ஆசிரியர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவருடைய மகள் ஆர்க்கிடெக்ட் படிப்பை முடித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் அவளிடம் கட்டடம் கேட்டு வந்தவர்கள் ஒருவரும் இல்லை. மேஸ்திரி இருக்கும்போது படம் வரைய ஓர் ஆள் எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

அவளையும் அவளுடன் படித்த மூவரையும் ஊருக்கு அறிமுகப்படுத்த, சங்க அறையில் மூன்று நாள் கண்காட்சி நடத்தலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஆசிரியர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒருத்தர் வந்து இவகிட்ட கட்டடம் கேக்கட்டும் சார், நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா திங்கட்கிழமை பேங்க் பரீட்சை கோச்சிங் கிளாஸ். சேத்தாச்சு."

"ஒருத்தர் என்ன அங்கிள், பத்துப் பேர் வருவாங்க" என்றாள் மகள் என்னிடம். ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அது எந்த ஆண்டு என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நாட்குறிப்பைக் கரையான் தின்றுவிட்டது. நவராத்திரி விடுமுறை என்பது நிச்சயம்.

அறை இருபத்துநாலுக்குப் பதினாறடி. தெர்மாகோலில் செய்த வீட்டு மாதிரிகள் பதினான்கு வந்து இறங்கின. மேசைகள் வரவில்லை. வாடகைக் கடையில் இருந்த அத்தனை மேசையும் பல்லாவரத்தில் ஏதோ அரசியல் கூட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. அதனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் கொலு இல்லை. இரும்புப் படிகள் பரணில் சும்மா கிடந்தன. கொண்டுவந்து நிறுத்தி வெள்ளை வேட்டி விரித்தேன். ஏழு படி, படிக்கு இரண்டு வீடு. மீதியில்லாமல் வகுபட்டது. எனக்குப் பரம திருப்தி.

"அங்கிள், கொலு மாதிரி இருக்கே?" என்றாள் அவள்.

"வாசல்ல கண்காட்சின்னு போர்டு இருக்கும்மா. யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் இருவர், ரேஷன் கார்டு விஷயமாக என்னைத் தேடி வந்தவர்கள் மூவர், வேறு தெருக்காரர்கள் மூவர், நான். சனிக்கிழமை ஆறு பேர். மின்விசிறியை இரண்டில் வைத்தால் நான்காம் படியிலிருந்து ஒரு மாடி வீடு பறந்தது. நிறுத்தினால் வந்தவர்கள் வியர்த்துக் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அன்று தூக்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முடிவெடுத்தேன். போர்டுக்குக் கீழே சாக்கட்டியால் 'சுண்டல் உண்டு' என்று எழுதினேன். மனைவி நாலு கிலோ கொண்டைக்கடலை வேகவைத்தாள். ஆளுக்கு முப்பத்தைந்து கடலை என்று நான் கணக்குச் சொன்னபோது சமையலறையை விட்டுத் துரத்தப்பட்டேன்.

நாலு மணிக்குள் அறுபத்திரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள், அத்தனை பேரும் பட்டுப்புடவையில். இருவர் படிகளுக்கு எதிரே உட்கார்ந்து பாடவே தொடங்கிவிட்டார்கள்.

"பொம்மையே இல்லியேம்மா? வெறும் வூடா அடுக்கிக் கீறீங்க" என்றார் ஒரு பெரிய அம்மாள்.

"ஆன்ட்டி, இது கொலு இல்ல, எக்ஸிபிஷன். இதெல்லாம் வீட்டு மாடல்."

"பரவால்லம்மா. எங்க வூட்ல நெறைய பொம்மை கீது, அனுப்பறேன்."

அனுப்பினார். அவரைப் பார்த்து இன்னும் நால்வர் அனுப்பினார்கள். ஐந்து மணிக்கு நான் எண்ணியபோது இருபத்துமூன்று பொம்மைகள். செட்டியாரும் செட்டிச்சியும் ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டைவிட அவர்கள் பெரிதாக இருந்தார்கள். நவீன வீடு ஒன்றின் கார் நிறுத்தும் போர்டிகோவில் பசுவும் கன்றும் அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றன. அந்த வீடு ஆசிரியரின் மகள் செய்த மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆசிரியர் உள்ளே வந்தார். படிகளைப் பார்த்தார், பாட்டைக் கேட்டார். மகள் கையில் யாரோ திணித்த வெற்றிலை பாக்கையும் பார்த்தார்.

"சார், இதுதான் ஆர்க்கிடெக்சரா?"

"பதினாலு வீடு, இருபத்துமூணு பொம்மை. மூணுல ஒரு பங்குக்கு மேல ஆர்க்கிடெக்சர்தான்" என்றேன்.

"யாராவது கட்டடம் கேட்டாங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். இரண்டாவது முறை சுண்டல் கேட்டவர்கள் பத்தொன்பது பேர். கட்டடம் கேட்டவர் இல்லை. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

அப்போது தன் மனைவியைக் கூட்டிப்போக ஒருவர் வந்தார். எங்கள் மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவருடைய வயல். இப்போது அவரிடம் மிச்சம் இரண்டு ஏக்கரும் பதினோரு எருமையும். படிகளைப் பார்த்தவர் மூன்றாம் படியில் குனிந்து நின்றுவிட்டார்.

"இத்த யாரு கட்னது?"

"நான்தாங்கய்யா. ஆறு பேர் குடும்பத்துக்கு வீடு. அந்தப் பசுவை யாரோ..."

"வூடு கெடக்கட்டும்மா. மாடு நிக்கிற எடத்த சொல்றேன். காத்து இந்தாண்ட பூந்து அந்தாண்ட போவுது. தரை சரிவா கீது, தண்ணி நிக்காது. எங்க மேஸ்திரி கட்ன கொட்டாய்ல மழை பேஞ்சா முட்டி வரிக்கும் சேறு, ஒரே பேஜாரு. இதே மாரி எனுக்கு ஒண்ணு கட்டிக் குடு. பதினோரு எருமை."

அவர் மனைவி சுண்டல் கிண்ணத்தை 'ணங்'கென்று வைத்தார். "இன்னாய்யா, எட்டு வருசமா எனுக்கு ஒரு சமையக்கட்டு கேக்கறேன். எருமைக்கு ஆர்க்கிடெக்டா?"

"எருமை பால் குடுக்குதுமே."

கூடப் படித்த மூவரும் சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினார்கள். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கா அஞ்சு வருஷம் படிக்க வச்சேன்?"

"சார், மத்த வீட்ல அஞ்சு பேர் இருப்பாங்க. இதுல பதினொண்ணு" என்றேன்.

மகள் எங்கள் இருவரையும் கவனிக்கவே இல்லை. வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். "ஐயா, ஒரு எருமை படுத்தா எவ்ளோ நீளம்?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இவ்ளோ இர்க்கும்."

"இவ்ளோன்னா எவ்வளவு?" என்று இடைமறித்தார் ஆசிரியர். குத்துமதிப்பு அவருக்கு ஆகாது. "வாலைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

"தெர்லியே சார்."

"தெரியாம எப்படிக் கட்டுவா? டேப் எங்க?"

வெளிச்சம் போவதற்குள் நாங்கள் நால்வர் அவருடைய எருமைக் கொட்டகையில் இருந்தோம். எருமைக்காரர் கயிற்றைப் பிடிக்க, மகள் கொம்புப் பக்கம் டேப்பைப் பிடித்தாள். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வால் பக்கம் சேற்றில் நின்றவர் ஆசிரியர். நான் நோட்டில் எழுதினேன். ஒன்றை மட்டும் அளந்தால் போதாதா என்று கேட்ட எருமைக்காரருக்கு, பதினொன்றின் சராசரியும் வேண்டும், மிகப் பெரியதின் அளவும் வேண்டும் என்று பத்து நிமிடம் பாடம் நடந்தது. எட்டு எருமைகளோடு இருட்டிவிட்டது.

திரும்பும்போது ஆசிரியர் மகளிடம் சொன்னார்: "நாளைக்கு கோச்சிங் கிளாஸ் வேண்டாம். போக ஏது நேரம்? இன்னும் நாலு எருமை பாக்கி."

"மூணு சார்" என்று திருத்தினேன்.

"நாலு. அஞ்சாவது எருமை தலையை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்த அளவை நான் ஒத்துக்க மாட்டேன்."