முழங்கையளவுப் பள்ளம்

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில், முல்லைத்தீவுக் கடலுக்கும் களப்பு என்ற உப்பங்கழிக்கும் நடுவிலிருந்த மணல் திட்டில் போருக்குத் தப்பி ஓடிவந்த சனம் அடைபட்டுக் கிடந்தது. முன்னே போகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. அந்தக் கரையிலேயே பிறந்த மெற்றில்டா முழங்கையளவுக்குப் பள்ளம் தோண்டி, ஊறுகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளினாள். குடம் நிறையக் காலைப்பொழுது முழுதும் போய்விடும். ஆனாலும் சுற்றுவட்டத்தில் அவளுடைய தண்ணீர்தான் இனித்தது. அதில் அண்ணன் யூஜினுக்குச் சொல்லமுடியாத பெருமை.

பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருந்த தம்பிராசா, கடலுக்குத் தூரமான ஸ்கந்தபுரத்துக் கமக்காரர், மிளகாய்த் தோட்டத்துக்கு மிஷினால் இறைத்துப் பழகியவர்.

"பிள்ளை, உது கோழி குடிக்கத்தான் காணும். இன்னும் ரெண்டு முழம் இறக்கு."

"மேலைதான் ஐயா மழைத்தண்ணி. கீழை கடல். இறக்கக்கூடாது."

"நான் வெட்டாத கிணறோ?"

அவர் தன் தறப்பாளடியில் நெஞ்சளவுக்கு வெட்டினார். தண்ணீர் பொங்கியது. சனம் குடங்களோடு ஓடிவந்து வாளி வாளியாக அள்ளியது. முதல் மிடறு குடித்தவர்கள் துப்பினார்கள். பின்னேரம் மெற்றில்டாவின் பள்ளமும் கரித்தது.

யூஜின் ஏசுவதற்கு வாயெடுத்தான். மெற்றில்டா தடுத்தாள்.

"வேறை இடத்திலை தோண்டுவம் பிள்ளை," என்றார் தம்பிராசா, தலை குனிந்தபடி.

தறப்பாளோடு தறப்பாள் முட்டி நின்றது. தோண்ட வெறும் மணல் எங்கும் இல்லை.

"முதல்லை உங்கடை கிடங்கை மூடுவம். பிறகு ஒருத்தரும் அள்ளக்கூடாது. அள்ள அள்ள உப்பு மேலை ஏறும்," என்றாள் மெற்றில்டா.

"எப்பமட்டும்?"

"மழை பெய்யுமட்டும்."

அவளும் தம்பிராசாவும் மணலைத் தள்ளத் தொடங்கினார்கள். வெறுங்குடங்களோடு வந்தவர்கள் போக இடமில்லாமல் அங்கேயே குந்தினார்கள்.