பரீனா டீச்சரின் இன்னொரு வீடு

செய்தி என் காதில் விழத்தான் செய்தது. எனக்குத்தான் விளங்கவில்லை. காலை ஒன்பது மணியிருக்கும், அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் தொடங்கியது. "மர்ஹூம் உதுமாலெப்பை அவர்களின் மகளும், மர்ஹூம் சரிபுத்தீன் அவர்களின் மனைவியுமான..." மீதியைக் கடற்காற்று கொண்டுபோய்விட்டது. "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று சொல்லிவிட்டு, யாரோ பாவம் என்று நினைத்தபடி இரண்டாம் தண்ணீரை வடித்தேன். பத்து நிமிடம் கழித்து ஸஜீஹா அழைத்தாள். "சாச்சி, உம்மா மௌத்தாகிட்டாங்க" என்றாள். நெஞ்சு வலி என்றிருக்கிறாள், ஓட்டோ வந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஸஜீஹா பரீனாவின் மகள். அந்த மகளும் மனைவியும் என் பரீனா என்று அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய கணவரை ஊரில் எல்லோரும் டோஹா நானா என்றே அழைப்போம். சரிபுத்தீன் என்ற பெயரே எனக்கு மறந்துபோயிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் மரணத்தை அறிவிக்கும்போது பெரும்பாலும் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இத்தனை வயதுக்கு அது என்னை உறுத்தியதில்லை. அன்று உறுத்தியது. பல வருடம் பக்கத்து வகுப்பறையில் நின்று கற்பித்தவளின் மரணத்தைக் கேட்டுவிட்டு நான் அரிசி கழுவியிருக்கிறேன்.

இதை வாசிக்கும் பலருக்கு அவர் பரீனா டீச்சர், கணிதம் கற்பித்தவர். எனக்கு அவள் பரீனா. தமிழ் டீச்சரான நான் மரியாதைப் பன்மை தெரியாமல் எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். அவளை 'அவர்' என்று எழுதினால் எனக்குத் தெரியாத யாரையோ எழுதுவது போலிருக்கிறது.

அளவிடைப் படம் என்ற பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மீற்றரை ஒரு சென்ரிமீற்றராக வரைவது என்றால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒரு திங்கட்கிழமை பரீனா ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வகுப்புக்கு வந்தாள். உள்ளே நமது பாடசாலை இருந்தது. மண்டபம், தண்ணீர்த் தாங்கி, சைக்கிள் நிறுத்துமிடம், அதிபர் அறையின் உடைந்த யன்னல்கூட. எல்லாம் நூறில் ஒன்று. அன்று அந்த வகுப்பில் ஒருத்தியும் கொட்டாவி விடவில்லை. நான் கற்பிப்பதை விட்டுவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தேன். "பெரிசாப் பாத்தாப் பயம் வரும் புள்ளையள். சின்னதாக்கிப் பாருங்க, விளங்கும்" என்றாள். அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. சாய்ந்தமருதில் அவள் வீட்டின் வடக்கு அறையில் யன்னலை ஒட்டி ஒரு மேசை வந்தது. கிழக்கே யன்னல் இருந்தால் கடல் வெளிச்சம் கண்ணைக் கூசும், காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து பசையில் ஒட்டிவிடும் என்று காரணம் சொன்னாள். ஆழ்கடல் படகு, சம்மாந்துறை அரிசி ஆலை, கல்முனை பஸ் நிலையம் என்று ஒவ்வொன்றாக அந்த மேசையில் பிறந்தன. வேலை முடிந்ததும் நாடியை மேசையில் வைத்து, முகம் பலகை மட்டத்துக்கு வர, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னாள். நாடி பலகையில் பட்டதும் அறை எங்கோ போய்விட்டது. பஸ் நிலையத்தின் தகரக் கூரைக்குக் கீழே பின்னேர வெயில் சாய்ந்து கிடந்தது. சம்மாந்துறை பஸ் இப்போது வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, கழுத்துப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தேன். ஆட்களை மட்டும் அவள் செய்ய மாட்டாள். உருவம் செய்வது அவள் மனதுக்கு ஒவ்வாது. ஆட்கள் வேண்டிய இடத்தில் நாமே போய் நின்றுகொள்ளலாம் என்பாள்.

பிறகு ஸஜீஹாவுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். பரீனாவின் உம்மா அந்த வீட்டைப் பரீனாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுக் குசினிப் பக்கத்துச் சிறிய அறைக்குப் போனார். இப்போது பரீனாவின் முறை. மாப்பிள்ளை வந்து தங்கும் அறைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வீட்டில் கண் கூசாத வெளிச்சமுள்ள அறை அது ஒன்றுதான்.

பரீனா ஒரே பின்னேரத்தில் மேசையைக் கழற்றி வைத்துவிட்டு, கருவிகளைப் பிஸ்கட் தகரங்களில் அடுக்கி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

"இதெல்லாம் உன்ட கட்டிலுக்குக் கீழ கொஞ்ச நாளைக்கு இரிக்கட்டும் புள்ள."

"மகளுக்கு வீடு குடுத்தா சரி. மேசைக்கு ஒரு மூலையும் இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன்.

"குடுத்தாக் குடுத்ததுதான் சுலைஹா. குடுத்த ஊட்டுல மூலை கேக்கக் கூடாது."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கோபம். என் பின்னறையை ஒதுக்கித் தருகிறேன் என்று அப்போதே வாக்குக் கொடுத்தேன். கொடுத்த கையோடு மறந்தும் போனேன். பின்னறையில் வயலில் இருந்து வந்த நெல் மூட்டைகள் இருந்தன. அவற்றை நகர்த்த இன்று ஆள் இல்லை, நாளை மழை என்று நான்கு மாதம் ஓட்டினேன். அந்த நான்கு மாதமும் அவள் வந்து என்னோடு பிளேன்டீ குடித்துவிட்டு, ஒருமுறைகூட அந்த அறைப் பக்கம் பார்க்காமல் போனாள். ஒருநாள் அவள் கைகள் என் கண்ணில் பட்டன. கதைத்துக்கொண்டே பிஸ்கட்டை ஓரம் ஓரமாக உடைத்து, நேராக்கி, கோப்பைத் தட்டில் ஒரு மதில் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே மூட்டைகளை வெளியே தூக்கிப் போடச் செய்தேன்.

அந்த அறையை ஒழுங்குபடுத்திய மூன்று நாட்கள் என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் சேரும். மேசைக்கு என் பழைய தையல் மெசின் மேசையைக் கேட்டாள். மெசினைக் கழற்றிய பிறகு நடுவில் இருந்த ஓட்டையை நான் மூடப் பார்த்தேன், விடவில்லை. கீழே ஒரு துணிப்பையைக் கட்டி, வெட்டிய துண்டுகளையெல்லாம் அந்த ஓட்டைக்குள் தள்ளிவிட்டாள். ஓட்டைக்கு இப்புறம் அலுமாரிக் கண்ணாடித் துண்டொன்றை வைத்து, அதன் மேல்தான் வெட்டுவாள். கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு கொடுத்து மேசையை நெஞ்சளவுக்கு உயர்த்தினாள். "வேலை கண்ணுக்கு வரோணும், கண் வேலைக்குப் போனா முதுகு போயிரும்" என்றாள். கை நிழல் விழாமல் இருக்க இடமும் வலமும் இரண்டு விளக்குகள். பசைப் போத்தல் சரியாமல் இருக்க ஒரு பழைய ரப்பர் செருப்பில் வட்டமாகத் துளை போட்டு அதில் நிறுத்தினாள். மேசை மேல் செருப்பைக் கண்டு என் மாமி ஒரு மாதம் அந்த அறைக்குள் வரவில்லை. மின்விசிறி மட்டும் கூடாது, துண்டுகள் பறந்துவிடும். ஆகவே இருவரும் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, மதியம் லுஹர் தொழுகைக்கும் பின்னேரம் அஸருக்கும் இடையில் அந்த அறையில் இருப்போம். நான் வாசிப்பேன், அவள் வெட்டுவாள். மதில்மேல் இருந்து தென்னோலை நிழல் மெதுவாக இறங்கி மேசைக்கு வரும். அந்த வேளைகளில் நாங்கள் எங்கேயும் இல்லாதது போலிருக்கும்.

அங்கே அவள் தொடங்கியது ஒரு வீடு. உள்ளங்கைக்குள் அடங்கும் வீடு. சுவர்களுக்கு ஸஜீஹாவின் கலியாணக் கார்ட்டில் மிஞ்சியவற்றை வெட்டினாள், நல்ல தடித்த அட்டை. எழுத்துள்ள பக்கத்தை உள்ளே திருப்பினாள். வெளிப்புறம் வெள்ளை.

"இது எந்த ஊட்டுக்கு மாதிரி?" என்று கேட்டேன்.

"ஒண்டுக்கும் இல்ல. இது எனக்கு. ஆருக்கும் சீதனம் இல்ல."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் நான் சிரிக்கவில்லை. அறுபதைத் தாண்டிய ஒருத்தி தனக்கென்று கேட்டது பத்து சென்ரிமீற்றர் நீளமும் எட்டு சென்ரிமீற்றர் அகலமும்தான்.

அந்த வீட்டுக்கு ஒரே ஒரு கதவு. ஐஸ்கிறீம் குச்சியைச் சீவிச் சீவி மெல்லியதாக்கி, நான்கு நாள் எடுத்துச் செய்தாள். இரண்டு சென்ரிமீற்றர் உயரம். பிடிக்கு ஒரு கடுகை ஒட்டினாள். அதை வைக்க வேண்டிய அன்றுதான் அந்தக் கூத்து நடந்தது.

விழுந்த துண்டை நிலத்தில் தேடுவதுதான் இந்த வேலையில் பெரிய தொல்லை. அதற்கு அவள் ஒரு வழி கண்டிருந்தாள். முக்காட்டைத் தோளில் நழுவவிட்டு, அதன் முன் விளிம்பை மேசை ஓரத்தில் அடித்த இரண்டு கொக்கிகளில் மாட்டிவிடுவாள். எது விழுந்தாலும் மடியில் விழும். அப்படி மாட்டியபடி தட்டில் கதவு, யன்னல், படி எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தபோது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. பாங்குச் சத்தம் கேட்டால் முக்காடு தலைக்கு ஏற வேண்டும். எங்கள் கைக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. பரீனாவின் கை தன்பாட்டில் முக்காட்டை இழுத்தது. விளிம்பு கிழிந்தது, மேசை ஆடியது, தட்டு கவிழ்ந்தது, பசைப் போத்தல் செருப்போடு சேர்ந்து பாய்ந்தது. பாங்கு முடியும்வரை இருவரும் பேசவில்லை. பேசக் கூடாதே. பிறகு சிரித்த சிரிப்பில் என் மாமி செருப்பையும் மறந்து ஓடிவந்து பார்த்தார்.

தொழுதுவிட்டுத் தேடினோம். மூன்று யன்னல்களும் கிடைத்தன. படி கிடைத்தது. கதவு கிடைக்கவில்லை. துணிப்பையைக் கொட்டிப் பார்த்தோம், நிலத்தைத் தடவிப் பார்த்தோம். இல்லை. பரீனா கிழிந்த முக்காட்டை அங்கேயே இருந்து தைத்து, அறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள். "இது இஞ்சயே கிடக்கட்டும், அவசரத்துக்கு உதவும்" என்றாள். அடுத்த நாள் முதல் கொக்கிக்கு வேறு ஒரு துணி வந்தது.

இன்னொரு கதவு செய் என்று எத்தனையோ தடவை சொன்னேன். ஐஸ்கிறீம்கூட வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டாளே தவிரச் செய்யவில்லை. "அது தொலையல்ல. இந்த அறைக்குள்ளதான் இரிக்கி. ஒரு ஊட்டுக்கு ரெண்டு கதவு செஞ்சா, முதல் கதவு வந்து எங்க நிக்கும்?" என்று கேட்டாள். கூரை போட்டாள், படி வைத்தாள், கொடிக் கயிறு கட்டினாள். கதவு மட்டும் இல்லாமல் அந்த வீடு நின்றது. போன வியாழக்கிழமை, வழக்கம்போல விளக்கு இரண்டையும் அணைத்துவிட்டு, "வாறன் புள்ள" என்று போனாள். அதுதான் கடைசி.

ஜனாஸா வீட்டில் ஸஜீஹா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்சம் அடங்கிய பிறகு, அந்த வடக்கு அறை வாசலில் வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"சாச்சி, அறைய எடுத்தது ஒங்களுக்குக் கவலையா உம்மா எண்டு நான் ஒரு நாள் கேட்டன். இல்ல மகள், எனக்கு வேற ஊடு இரிக்கி எண்டாங்க. உம்மாக்கு வேற எங்கயும் வளவு வாசல் இரிக்கா?"

"ஓம், இரிக்கி. நாளைக்கு வா, காட்டுறன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்து பின்னறையில் இருந்தேன். அழக்கூட வரவில்லை. அஸர் பாங்கு சொன்னது. என் முக்காடு வேறு அறையில் இருந்தது. ஆணியில் கிடந்த அவளுடையதை எடுத்து அவசரமாகத் தலையில் போட்டேன். நெற்றியோரத்தில் ஏதோ கடினமாகத் தட்டியது. பாங்கு முடிந்ததும் கையால் தடவிப் பார்த்தேன். விளிம்பு மடிப்புக்குள் ஒரு சிறு பலகை. கிழிசல் வழியாக உள்ளே போய் மறுமுனைக்கு நழுவியிருக்கிறது. அவளே அதை உள்ளே வைத்துத் தைத்து, அவளே மாதக்கணக்கில் தேடியிருக்கிறாள். தையலைப் பிரித்தேன். கடுகு போயிருந்தது, அது ஒட்டியிருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. மேசையில் நின்ற அவளுடைய சின்ன வீட்டின் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். கச்சிதமாக நின்றது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் ஸஜீஹா வந்தாள். இரண்டு விளக்கையும் போட்டேன்.

"இது ஆர்ட ஊடு சாச்சி?"

"பரீனாட ஊடு."

அவள் நாடியை மேசையில் வைத்து ஒரு கண்ணை மூடினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. "உள்சுவரெல்லாம் என்ட பேரு இரிக்கி" என்றாள்.

தான் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்றேன். சாச்சிக்கு ஈவிரக்கமில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை, அது யாருக்கும் சீதனம் இல்லை. நினைத்தபோதெல்லாம் வந்து பார்க்கச் சொன்னேன்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பவை ஒரு மேசை, துளையிட்ட ஒரு செருப்பு, விளிம்பு பிரிந்த ஒரு முக்காடு, இந்த வீடு. கதவை நான் ஒட்டவில்லை, சாத்தவுமில்லை. அவளிடம் படித்தவர்கள் நீங்களும் வாருங்கள். வந்தால் உதுமாலெப்பையின் மகள் வீடு எது, சரிபுத்தீனின் மனைவி வீடு எது என்று கேட்காதீர்கள், எனக்கு விளங்காது. பரீனாவின் வீடு எது என்று கேளுங்கள். காட்டுகிறேன்.