பார்க்காத ஊருக்கு பஸ் சொல்கிறேன்

பார்க்காத ஊருக்கு வழி சொல்லிச் சம்பளம் வாங்கும் தொழில் ஒன்று உண்டு. அதில் நான் இருக்கிறேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டே நாளை ஓட்டும் சக பாவிகளே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். இங்கிலாந்தில் கடலோரமாக ஒரு சின்ன மீன்பிடி ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த ஊரின் பஸ், ரயில், பழைய கதை எதைக் கேட்டு யார் போன் செய்தாலும் மணி அடிப்பது எங்கள் மாடியில்தான். எங்கே உட்கார்ந்து பேசுகிறோம் என்று மூச்சு விடக் கூடாது. முதல் ஆறு மாதத்தில் மூன்று புகார் வந்தால் வேலை காலி. அப்புறம் எனக்குப் பழையபடி ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைதான். விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி பஸ். அந்த பஸ்ஸை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

சர்ச்சுக்கு ஒரு சுற்று

வயதான அம்மா ஒருவர் சர்ச் வாசலில் நின்றுகொண்டு, ஸ்டேஷன் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். ஒரு காலத்தில் அந்த ஊருக்கே ரயில் வந்தது. தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகு, பக்கத்து ஊர் ஸ்டேஷனுக்கு மணிக்கு ஒரு பஸ். நிறுத்தம் சர்ச்சுக்கு வலது பக்கம், பத்தடி தூரம்.

கோயில் ஊரில் பிறந்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. யாராவது அப்பிரதட்சிணமாகப் போவார்களா? "இடது பக்கம் திரும்பி, சர்ச் உங்க வலது கைப் பக்கமே இருக்கிற மாதிரி ஒரு சுற்று வாங்க" என்று இங்கிலீஷில் பவ்யமாகச் சொன்னேன். சர்ச்சைச் சுற்றி அவ்வளவு பெரிய கல்லறைத் தோட்டம் இருப்பதை நான் கவனிக்கவில்லை. பஸ் போய்விட்டது. மறுபடி போன் செய்து முதல் புகாரைப் பதிவு செய்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "உன் புண்ணியத்துல இந்த ஊர்ல செத்துப்போன எல்லாரையும் பார்த்துட்டேன், பஸ்ஸை மட்டும்தான் பார்க்கலை."

நுனியை ஒடித்துப் பாருங்கள்

எங்கள் வீடு சுத்த சைவம். ஆனால் ஹெர்ரிங் மீனின் வரலாற்றை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முதலில் உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்தார்கள், பிறகு ரயில் வந்ததும் பச்சை மீனாகவே லண்டனுக்கு அனுப்பினார்கள், கடைசியில் மீனும் குறைந்தது, ரயிலும் நின்றது. ஒருநாள் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஒரு இளைஞர், "சரி, நல்ல மீன்னு எப்படிப் பார்த்து வாங்கறது?" என்றார்.

எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் அது இல்லை. தெரியாது என்பது எங்கள் ஆபீஸில் கெட்ட வார்த்தை. அம்மாவோடு மார்க்கெட் போன அனுபவம் கைகொடுத்தது. "பிஞ்சாப் பார்த்து எடுங்க. நுனியை ஒடிச்சா டக்குனு ஒடியணும்" என்றேன். பக்கத்து சீட் ஸ்டெல்லா வாரம் மூன்று நாள் மீன் சாப்பிடுகிறவள். "அடிப்பாவி, அவன இன்னா வெண்டைக்காயா வாங்க அனுப்பிக்கினு கீற?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அரை மணியில் இரண்டாவது புகார் வந்தது, அந்த ஊர் மீன் கடைக்காரரிடமிருந்து: "என் கடையில வந்து மீன் வாலை ஒடிச்சுப் பார்க்கச் சொன்ன மகராசி யாரு?"

துறைமுகத் தெருவில் மேளம்

வைகாசி உற்சவம். சாயங்காலம் பெருமாள் எங்கள் தெரு வழியாகப் புறப்பாடு. மேளம், நாதஸ்வரம், வேட்டு. ஜன்னலைச் சாத்தியும் பிரயோஜனமில்லை. லைனில் இருந்தவர் அந்த ஊரின் துறைமுகத் தெருவில் குடியிருக்கும் பெரியவர். காகிதத்தில் எங்கள் ஆபீஸ் விலாசமும் அதே தெருதான்.

என்ன சத்தம் என்று கேட்டார். "தெருவில் திருவிழா, ஐயா" என்றேன். பொய் இல்லையே! அவர் போனோடு எழுந்து போனார். ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. "நானும் இதே தெருதாம்மா, ரெண்டு கடல்காகத்தைத் தவிர ஒருத்தரையும் காணோமே!"

மூன்றாவது புகார்

இரண்டு நாளில் பெரியவரின் மின்னஞ்சல் வந்தது. தெருவில் திருவிழா நடக்கப்போவதை முன்கூட்டியே ஏன் அறிவிக்கவில்லை? பஸ் எந்த வழியாகப் போனது? எங்கள் டீம் லீடர் ஜெயந்தி அக்கா கூப்பிட்டு உட்கார வைத்தார். சிரித்தே பார்த்திராத மனுஷி. புகார்ப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ரெக்கார்டிங்கைப் போட்டார்.

நாதஸ்வரம் வந்த இடத்தில் அக்கா சட்டென்று செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். முழுவதும் கேட்டு முடித்தார். நான் அழுகிற நிலைமையில், "அக்கா, புகார்..." என்று ஆரம்பித்தேன். அக்கா படிவத்தை டிராயரில் தள்ளி மூடினார். "பெருமாள் வந்துக்கினு இருக்காரு, அத்தப் போயி நான் புகார்னு எழுதணுமா? போடி, போயி போன எடு!"

வேலை நிரந்தரமாகிவிட்டது; அடுத்த வைகாசிக்கு அந்தப் பெரியவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டுக் காத்திருப்பாரே என்பதுதான் இப்போது என் ஒரே கவலை.