பால்மா டின்னில் வார்த்த பாரம்

கையில் பாரம் இருக்கும்போது நடுங்காத மனிதர், கை வெறுமையாக இருக்கும்போது ஏன் நடுங்க வேண்டும்? ஒன்பது வயதில் என் தலையைக் குடைந்த கேள்வி இதுதான். அந்த மனிதர் என் சித்தப்பா.

தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில், ஒரு காம்பராவில் இருந்தோம். சித்தப்பா கொழுந்து மூட்டைகளைத் தோளில் சுமந்து லொறியில் ஏற்றுகிறவர். வேலை முடிந்ததும் எங்கள் காம்பராவுக்குப் பின்னால் போய், பெயிண்ட் வாளிகளில் சிமெந்து வார்த்துக் குழாயில் கோத்த பாரத்தைத் தூக்குவார். லயமே வாயைப் பிளந்து பார்க்கும். பிறகு உள்ளே வந்து, அலுமாரிக் கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் மடக்கிப் புஜம் காட்டி நிற்பார். அப்போதுதான் நடுக்கம் தொடங்கும். முந்தின வருடம் பதுளையில் நடந்த ஆணழகன் போட்டியிலும் இப்படியே நடுங்கி, முதல் சுற்றோடு மேடையை விட்டு இறங்கியிருந்தார்.

அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்த வருசப் போட்டியிலயும் ஆடிட்டு வந்தா, பேசாம கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிடு. இந்த வாளியெல்லாம் அழுக்குத் தண்ணி ஓடுற கானுக்குள்ளதான்."

சித்தப்பாவும் தலையாட்டிவிட்டார். கொழும்புக்குப் போனவர்கள் தீபாவளிக்கு வந்து, கேக் கொடுத்துவிட்டு, அவசரமாகத் திரும்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் என் கேள்விகளுக்கு எரிந்து விழாமல் பதில் சொல்லும் ஒரே ஆள் சித்தப்பா. அவரைக் கேக்குக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, அவருடைய போனிலேயே அவரைப் படம் பிடித்தேன். பார்த்ததும் அவர் என்னைத்தான் திட்டினார்.

"போன கோணலாப் புடிச்சிருக்க, புள்ள. பாரு, ஒரு தோள் மேல நிக்குது."

"அலுமாரி நேராத்தானே இருக்கு சித்தப்பா?"

அவர் மறுபடியும் பார்த்தார். அலுமாரி நேராகத்தான் இருந்தது. வருடக்கணக்காக மூட்டை ஏறிய வலது தோள்தான் தூக்கிக்கொண்டு நின்றது. பாரம் தூக்குகிற வீடியோவில் இன்னும் மோசம். இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, லொறிக்கு மூட்டையை எறிகிற மாதிரியே பாரத்தையும் எறிந்துகொண்டிருந்தார். அதைப் பண்டாரவளையில் ஜிம் நடத்திய மாஸ்டருக்கு அனுப்பினார். பதில் குரலாக வந்தது.

"நீங்க தூக்கல தம்பி, வீசுறீங்க. இடுப்புதான் வேலை செய்யுது, கை சும்மா கூடப் போகுது. பாரத்தப் பாதியாக் குறைச்சு, மெதுவாத் தூக்கி, மேல நிறுத்திப் பாருங்க. பாரத்தோட நிறுத்தத் தெரியாத கை, மேடையில வெறுமனே எப்படி நிக்கும்?"

மறுநாள் வாளிகள் ஓரங்கட்டப்பட்டன. தேநீரில் கலக்கும் பால்மா தீர்ந்த டின்களில் புதிதாகச் சிமெந்து வார்த்தார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்க, மெல்லத் தூக்கி உச்சியில் நிறுத்துவார். வாளியை எறிந்த கை பால்மா டின்னுக்கு நடுங்கியது. லயத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னடா தம்பி, திரும்பவும் தொட்டில்ல போட்டு ஆட்டணுமா?" என்றார் அப்பா.

நான் தினமும் படம் பிடித்தேன். முதலில் டின் ஆடாமல் நின்றது. சில வாரங்கள் கழித்து, டின் இல்லாமலே கை நின்றது. தூக்கி நிறுத்துகிற அதே இறுக்கத்தைத்தான் கண்ணாடி முன்னாலும் பிடிக்கிறேன் என்றார். தோள் மட்டும் கடைசியாகத்தான், மனசில்லாமல், கீழே இறங்கி வந்தது.

பதுளை மேடையில் எல்லோரையும் புஜம் காட்டி அப்படியே நிற்கச் சொன்னார்கள். நேரம் போகப் போக, சித்தப்பாவைவிடப் பெரிய உடம்புகளெல்லாம் உதறத் தொடங்கின. அவர் அசையவில்லை, மூச்சு விடுகிறாரா என்றே எனக்குப் பயமாகிவிட்டது. மூன்றாம் பரிசு! வாளியைக் கானில் போடுவதாகச் சொன்ன அப்பா, நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார். இனி கொழும்பு இல்லை என்று நான் குதித்தேன்.

அப்போதுதான் கொழும்பில் பெரிய ஜிம் வைத்திருக்கும் ஒருவர் சித்தப்பாவைத் தேடி வந்தார். இவ்வளவு நேர்த்தியாக நிற்கிறவர் தூக்கவும் சரியாகத்தான் சொல்லிக்கொடுப்பார், வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். அப்பா சித்தப்பாவின் முதுகில் தட்டி, "போயிட்டு வாடா" என்றார். தோற்றால்தானே கொழும்பு? ஜெயித்தாலும் கொழும்பா? இதைக் கேட்டபோது சித்தப்பா பரிசை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

தெமோதரை ஸ்டேஷனில் ரயில் வந்ததும், அவர் முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பெரிய பையை மெல்லத் தூக்கினார். தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. அப்பாவின் போனில் அதையும் படம் பிடித்து அனுப்பினேன். இரவு கொழும்பிலிருந்து கூப்பிட்டார்.

"ஏன் புள்ள, போன இந்த ஆட்டு ஆட்டியிருக்க?"

ரயில் வந்ததில் பிளாட்பாரம் அதிர்ந்தது என்றேன். அப்போது அதை நானும் நம்பினேன்.