தவறணையடியில் நிறுத்திய ஓட்டோ

என் மகள் என் ஓட்டோவில் ஏறுவதை நிறுத்தி ஒரு பள்ளித் தவணை கடந்திருந்தது. மாம்புரிச் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவனின் பிள்ளை, தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறிப் போவாள். காரணம் ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நிறைவெறியில் அவளை ஏற்றப் போனவன், வாசலில் நிறுத்தாமல் அதிபரின் பூச்சாடிகளுக்கு நடுவே நிறுத்தினேன். போதாக்குறைக்கு அவளுடைய சிநேகிதிகளுக்குப் பாட்டும் படித்தேன்.

"நீங்க குடிய விடுங்கோ, நான் ஏறுறன்," என்றாள். அதற்குப் பிறகு நான் சத்தியம் பண்ணாத சாமி இல்லை. எல்லாச் சாமியும் என்னை நம்பி ஏமாந்ததுதான் மிச்சம். அவள் மட்டும் ஏமாறவில்லை.

கூட்டத்தைக் கண்டுபிடித்துத் தந்தவர், எங்கள் ஓட்டோத் தரிப்பிடத்து நானா. வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைக்காத முஸ்லிம் மனிதர். ஆள் ஏற்றி ஹயர் போன இடத்தில் கேள்விப்பட்டு வந்தார்.

"தம்பி, நுரைச்சோலையில சேர்ச்சுக்குப் பக்கத்து மண்டபத்துல சனிக்கிழமை பின்னேரம் ஒரு கூட்டம் நடக்குதாம். குடிய விட்டவங்களும் விடப் பாக்கிறவங்களும் இருந்து கதைக்கிறாங்களாம்."

"கதைச்சா இது விட்டுப் போகுமோ நானா?"

"எனக்கு என்னத்தத் தெரியும்? குடிச்சா நல்லாத்தானே கதைக்கிறீங்க. குடிக்காமலும் கதைச்சிப் பாருங்களே."

போனேன். "பெயர் சொல்லத் தேவையில்லை, இங்கே கதைக்கிறது வெளியே போகாது," என்றார் நடத்துகிறவர். வட்டமாகப் போட்ட கதிரைகளைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் என் கல்யாணத்துக்குச் சமைத்தவர். நடத்துகிறவரோ ஒரு மீன் முதலாளி, வெறியில் விழுந்த என்னை ஒருநாள் முள்வேலியிலிருந்து பிரித்தெடுத்த மனிதர். என் மாமியாரின் வாய்கூட அவர்களுக்குத் தெரியும். இவர்களிடம் பெயரை மறைத்து என்ன காணப் போகிறேன்?

சிலாபம் பக்கத்து மனிதர் ஒருவர், அழுகை வருகிற இடத்தில் சிங்களத்துக்குத் தாவினார். எல்லோருக்கும் விளங்கியது. என் முறை வந்தபோது பூச்சாடிக் கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளை பஸ்ஸில் போகிற கதைக்கு வந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே தந்த, பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீயை மட்டும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த சனியும் போனேன்.

குடிக்கப் போனபோது ஒளிக்காதவன், குடியை விடப் போனபோது ஒளித்தேன். மண்டப வாசலில் என் ஓட்டோ நின்றால் சந்தி முழுக்க அதுதான் கதையாக இருக்கும். அதனால் கொஞ்சம் தள்ளியிருந்த கள்ளுத் தவறணையடியில் நிறுத்திவிட்டு, பின் ஒழுங்கையால் நடந்து போவேன். தவறணை வாசலில் என் ஓட்டோவைக் கண்டால் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அவ்வளவு மரியாதை அங்கே எனக்கு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டிலும் மூச்சு விடவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் முன்பே சொல்லித் தீர்த்தாயிற்று, இனிச் செய்துதான் காட்டவேண்டும் என்றிருந்தேன். நிதானமாக வீடு வருகிறவனைக் கண்டு, வயிற்றுக் கோளாறோ என்று யோசித்தாள் மனைவி. இஞ்சி மணத்ததும், சாராய மணத்தை மறைக்கத்தான் சப்புகிறேன் என்று முடிவுகட்டினாள்.

டியூசன் முடிந்து பஸ்ஸில் வந்த மகள் ஒரு சனிக்கிழமை ஓட்டோவைத் தவறணை வாசலில் கண்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமையும் கண்டாள். அன்றைக்கு இறங்கிவிட்டாள். நடந்ததைத் தவறணைக்காரர்தான் பிறகு எனக்குச் சொன்னார். புத்தகப் பையோடு வாசலில் நின்று, "அப்பாவ வெளிய வரச் சொல்லுங்கோ," என்றாளாம். அவர் பதறிப்போய், "மகள், அப்பா இப்ப இங்க குடிக்கிறதில்ல. வண்டிய விட்டுட்டு அந்தப் பக்கமா நடந்து போறார். என்னெண்டு எனக்கும் தெரியாது," என்றாராம்.

கூட்டம் முடிந்து ஒழுங்கையால் வந்தால், ஓட்டோவுக்குப் பக்கத்தில் என் பிள்ளை நிற்கிறாள்.

"எங்க போட்டு வாறீங்க?"

"கூட்டத்துக்கு. குடிய விடுற ஆக்கள்ற கூட்டம்."

"ஊதுங்கோ பாப்பம்."

ஊதினேன். பொலிசுக்குக்கூட அவ்வளவு பயந்து ஊதியதில்லை.

"அப்ப ஏன் ஓட்டோவ இங்க விட்டனீங்க?"

"ஆக்கள் பாப்பினம் பிள்ளை. வெக்கமாக் கிடந்துது."

அவள் தவறணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"நீங்க வெறியில நிக்கேக்க எனக்குத்தான் வெக்கம். இதுக்கு ஏனப்பா வெக்கம்? ஓட்டோவக் கொண்டுபோய் மண்டப வாசல்ல விடுங்கோ. நான் அங்க வந்து ஏறுறன்."

நான் முன்னால் ஓட்ட, அவள் பின்னால் நடந்து வந்தாள். சேர்ச்சில் பூசைக்குச் சனம் வருகிற நேரம். அவ்வளவு சனமும் பார்க்க, வாசலில் நிறுத்தினேன். மண்டபத்தைப் பூட்டிக்கொண்டிருந்த மீன் முதலாளி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் வந்து புத்தகப் பையை உள்ளே வைத்தாள். பிறகு ஏறினாள்.

"வீட்ட போவம் அப்பா," என்றாள்.

எனக்கு முன்னால் ரோடு தெரியவில்லை. கண் தெளியும்வரை நான் ஸ்டார்ட் பண்ணவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.