தேய்த்த வெள்ளிக்காசு

பாத்திரப் பட்டறையில் அவளுக்குப் பெயர் பளபளா. கறுத்த செம்பானாலும் களிம்பேறிய பித்தளையானாலும் அவள் கை பட்டால் முகம் பார்க்கலாம். அழுக்கைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துத் தொலையட்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் புருஷன் செத்துப்போனான். கட்டடக் கம்பெனி தோண்டிய குழியில் மண் சரிந்து மூடிவிட்டது என்று கூட வேலை செய்தவன் அவள் காதோடு சொல்லிவிட்டு ஊரைவிட்டே ஓடிவிட்டான். கம்பெனியோ, அவன் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடந்தான் என்று சாதித்தது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன்!

ஆஸ்பத்திரியில் அவன் மூடிய கையைப் பிரித்தபோது களிமண் அப்பிய சின்னக் காசு ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைப் பொடி போட்டு மூன்று தடவை தேய்த்தாள். அவன் கடைசியாகப் பிடித்திருந்த பொருள் அழுக்காக இருக்கலாமா?

அருங்காட்சியகத்தில் பழங்காசு பார்க்கும் பெரியவர் அதை எடை போட்டார், லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். ஒரு பக்கம் சுருள்முடி ராஜா. மறுபக்கம் விளிம்புவரை நீண்ட சிலுவை.

"ஐரோப்பாக் காசும்மா. வெள்ளி. எழுநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சுத்தியிருந்த எழுத்துதான் தேஞ்சு போயிருக்கு."

"அது இருக்கட்டும்யா. எம் புருஷன் செத்த கம்பெனிக் குழியிலேருந்துதான் வந்துச்சுன்னு எழுதித் தருவீங்களா? அதுக்குத்தான் வந்தேன்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் குழி மண்ணை ஆராய்ச்சிக்குன்னு முன்னாடியே எடுத்து வச்சிருக்கோம். சாம்பல் கலந்த களிமண்ணு, இந்தப் பக்கம் வேற எங்கயும் கிடையாது. காசுல துளி ஒட்டியிருந்தாக்கூட ஒத்துப் பாத்து அடிச்சுச் சொல்லிடுவேன். கழுவிட்டீங்களா?"

"தேச்சுட்டேன்."

அவர் ஊசியெடுத்துச் சிலுவையின் இடுக்கெல்லாம் கிளறினார். ஒன்றுமில்லை. வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை.

"எழுநூறு வருஷத்துக்கு முந்தி எங்க இருந்துச்சுன்னு சொல்றீங்க. போன செவ்வாக்கிழமை எங்க இருந்துச்சுன்னு சொல்ல முடியாதாய்யா?"

"முடியாதும்மா."

பதிவுத்தாளை இழுத்து நாடு, உலோகம், காலம் எல்லாம் நிரப்பினார். 'கிடைத்த இடம்' வந்ததும் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு 'தெரியவில்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டாள்.